நேரில் போய் நின்றால் சீட் கிடைத்துவிடுமா? மருத்துவக் கல்லூரி வாசலில் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீட் முடிவு வந்த மறுவாரமே எங்கள் ஊரிலிருந்து வாடகைக் கார்கள் புறப்படத் தொடங்கிவிடும். பின்னிருக்கையில் மடியில் சான்றிதழ்க் கோப்புடன் பிள்ளை, முன்னிருக்கையில் அப்பா, அவர் காலடியில் ஆப்பிளும் சாத்துக்குடியும் நிரப்பிய பழக்கூடை. கூடை யாருக்கு என்று கேட்டால், "டீனைப் பார்க்கப் போகிறோம் சார், வெறுங்கையோடு எப்படிப் போவது?" என்பார்கள். அருப்புக்கோட்டைப் பக்கத்தில் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் கற்பிக்கும் நான், கலந்தாய்வுக் காலத்தில் மாணவர்களுக்கு விருப்பப் பட்டியல் தயாரித்துக் கொடுக்கும் வேலையையும் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். 2018-இல் என் மகனுக்காக அதே போன்ற ஒரு பழக்கூடையைத் தூக்கிக்கொண்டு போனவன் என்பதால், அந்தக் கார்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

சான்றிதழ் நகல்களை மறந்துவிட்டுப் போவது, வழியில் வாகனம் பழுதாவது போன்றவற்றைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அவற்றை ஒருமுறை பட்டவர் மறுமுறை தாமாகவே திருத்திக்கொள்வார். பட்ட பிறகும் பலர் திருத்திக்கொள்ளாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

முகம் காட்டினால் நடக்கும் என்று நம்புவது

இந்த நம்பிக்கையை முட்டாள்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது, ஏனென்றால் ஒரு காலத்தில் அது உண்மையாக இருந்தது. தனியார் கல்லூரிகளும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் தாங்களே நுழைவுத் தேர்வு நடத்தித் தாங்களே இடம் கொடுத்த ஆண்டுகளில், நிர்வாக அலுவலகத்தில் யாரைத் தெரியும் என்பது மதிப்பெண்ணுக்குச் சமமான தகுதியாகக் கருதப்பட்டது. வேலூர் சி.எம்.சி. போன்ற நிறுவனங்கள், மாணவரை நேரில் வரவழைத்துப் பல நாள் கவனித்து நேர்காணல் செய்து தேர்ந்தெடுக்கும் முறையை நெடுங்காலம் வைத்திருந்தன. நீட் கட்டாயமான 2017-இல் அந்த முறையை விட மனமில்லாமல் சி.எம்.சி. அந்த ஆண்டு எம்.பி.பி.எஸ். படிப்பில் ஒரே ஒரு மாணவரைத்தான் சேர்த்தது. இது போன்ற சிறுபான்மை நிறுவனங்களுக்கும் நீட் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஏப்ரலில் தீர்ப்பளித்த பிறகு அந்தக் கதவும் மூடிக்கொண்டது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் கடைசிச் சுற்றில் மிஞ்சிய இடங்களை, கலந்தாய்வு நடத்துபவர்கள் அனுப்பிய பட்டியலை வைத்துக் கல்லூரிகளே நிரப்பிக்கொள்ளும் வழக்கமும் சில ஆண்டுகள் இருந்தது. அப்போது வங்கி வரைவோலையையும் அசல் சான்றிதழ்களையும் எடுத்துக்கொண்டு, அன்று காலை கல்லூரி வாசலில் நின்றவருக்கு உண்மையிலேயே பயன் இருந்தது. இப்போது அந்தச் சுற்றும் இணையவழிக்குப் போய்விட்டது.

இன்றைய நடைமுறையில் அரசுக் கல்லூரிகளில் அகில இந்திய ஒதுக்கீட்டுக்கான 15 விழுக்காட்டு இடங்களையும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் எல்லா இடங்களையும் தில்லியில் உள்ள மருத்துவக் கலந்தாய்வுக் குழு நிரப்புகிறது. தமிழ்நாட்டின் அரசு ஒதுக்கீட்டையும் தனியார் கல்லூரிகளின் நிர்வாக ஒதுக்கீட்டையும் சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மாநில அரசின் மாணவர் தேர்வுக் குழு நிரப்புகிறது. தரவரிசையில் முதலில் நிற்பவரின் விருப்பப் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்து, காலியாக இருக்கும் முதல் இடத்தை அவருக்குக் கொடுத்துவிட்டு, கணினி அடுத்தவரிடம் போகிறது. இதில் கல்லூரியின் டீனுக்கு எந்த வேலையும் இல்லை. ஒதுக்கீட்டு ஆணையோடு வருபவரைச் சேர்த்துக்கொள்வதுதான் அவர் பங்கு. தம்மைப் பார்க்க வருபவரிடம் இதை அவர் வெளிப்படையாகச் சொல்லமாட்டார். மரியாதைக்கு, "நல்ல மதிப்பெண், முயற்சி செய்யுங்கள்" என்பார். வெளியே வரும் அப்பா அதை வாக்குறுதி என்று எடுத்துக்கொள்வார்.

கல்லூரிக்கு நேரில் போவதால் தரவரிசை எண் ஒன்றுகூட நகராது. விருப்பப் பட்டியலின் வரிசை மாறலாம், மாறவும் வேண்டும். அதற்காகப் போனால் போதும்.

சீட்டைப் பிடித்து வைக்க முன்பணம் கொடுப்பது

இதைப் பற்றி எழுதும்போது எனக்கு இன்னும் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தில் பாதி என் மேலேயே.

2018 ஜூன் 4-ஆம் தேதி முடிவு வந்தது. மகனின் மதிப்பெண்ணுக்கு அரசுக் கல்லூரி கிடைப்பது கடினம், சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீடு ஒருவேளை கிடைக்கலாம் என்ற நிலை. ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரிக்கு அந்த வாரமே போனோம். டீனைப் பார்க்க இரண்டு மணி நேரம் காத்திருந்தும் முடியாமல், கேண்டீனில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, அக்குளில் கோப்புடன் ஒருவர் எங்கள் மேசைக்கு வந்து, "தம்பிக்கு எவ்வளவு மார்க்?" என்று கேட்டார். முகவரி அட்டையில் 'கல்வி ஆலோசகர்' என்று அச்சிட்டிருந்தது. நான் அட்டையை நம்பவில்லை. அவர் எழுந்து நடந்தபோது வாசலில் இருந்த காவலாளி அவருக்கு வணக்கம் வைத்தார், அதைத்தான் நம்பினேன். டீன் அறைக்கு வெளியே இருந்த சோபாவில் எங்களை உட்காரவைத்துவிட்டு, நாங்கள் இரண்டு மணி நேரம் திறக்க முடியாத அந்தக் கதவை அவர் ஒரு தட்டுத் தட்டித் திறந்துகொண்டு உள்ளே போனார். நான்கு நிமிடத்தில் வெளியே வந்து, "பேசிவிட்டேன், பையனுக்கு ஒரு சீட்டை ஒதுக்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்" என்றார். அவர் உள்ளே போய்க் கொடுத்தது தம் தங்கை மகளின் திருமண அழைப்பிதழ் என்பதை, பல மாதங்களுக்குப் பிறகு அதே அலுவலகத்தின் உதவியாளர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

இரண்டு லட்சம் முன்பணம் கேட்டார். கொடுத்தேன். ரசீது என்று அவர் கொடுத்தது, ஒரு நாட்குறிப்பிலிருந்து கிழித்த தாளில் பென்சிலால் எழுதிய தொகையும் தேதியும். மையால் எழுதினால் வருமான வரிச் சிக்கல் வரும் என்று அவர் விளக்கம் சொன்னபோது, வகுப்பில் தினமும் நாற்பது பிள்ளைகளிடம் 'ஏன், எப்படி' என்று கேட்கச் சொல்லிக்கொடுக்கிற நான் தலையை ஆட்டினேன். அடுத்து, அசல் மதிப்பெண் சான்றிதழையும் சாதிச் சான்றிதழையும் 'சரிபார்ப்புக்கு' வாங்கிக்கொண்டார். அதற்கடுத்ததுதான் எல்லாவற்றையும்விட மோசம். இணையப் பதிவை அவரே செய்து தருவதாகச் சொல்லி, பதிவில் தம் கைப்பேசி எண்ணைக் கொடுத்தார். அந்த நிமிடத்திலிருந்து கடவுச்சொல்லும் ஒருமுறைக் குறியீட்டு எண்ணும் (ஓ.டி.பி.) எல்லாம் அவருடைய கைப்பேசிக்குப் போயின. என் மகனின் கலந்தாய்வில் என் மகன் பார்வையாளன் ஆனான்.

ஜூலை மாதம் எனக்குச் சந்தேகம் வந்து, பணத்தைத் திரும்பக் கேட்பதற்காக அவரைத் தேடிப் போனேன். அந்த ஆண்டு நீட் தமிழ் வினாத்தாளில் மொழிபெயர்ப்புப் பிழைகள் இருந்ததற்காக, தமிழில் எழுதியவர்களுக்கு 196 கருணை மதிப்பெண் தர வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஜூலை 10-ஆம் தேதி உத்தரவிட்டிருந்த நேரம் அது. என் மகன் ஆங்கிலத்தில் எழுதியவன். "தமிழில் எழுதினவங்க எல்லாரும் உங்க பையனைத் தாண்டிப் போயிட்டாங்க சார், இனி கவர்ன்மென்ட் கோட்டா கனவுதான், இருக்கிற ஒரே வழி நான்தான்" என்றார். பணத்தைத் திரும்பக் கேட்கப் போன நான், மேலும் ஒரு லட்சத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். பத்து நாளில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது. என் ஒரு லட்சத்துக்குத் தடை விதிக்க யாரும் இல்லை.

இரண்டாம் சுற்றில் மகனுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. நாங்கள் பார்த்த கல்லூரியில் இல்லை. வேறொரு மாநிலத்தில், பெயரைக்கூட நாங்கள் கேள்விப்படாத ஒன்றில், எங்களால் நினைத்துப் பார்க்க முடியாத கட்டணத்தில். விருப்பப் பட்டியலை அவர் தம் வசதிக்கு ஏற்ப நிரப்பி, இனி மாற்ற முடியாதபடி இணையத்தில் பூட்டியிருந்தார். நிகர்நிலைக் கலந்தாய்வுக்குக் கட்ட வேண்டிய வைப்புத்தொகை இரண்டு லட்சம். இரண்டாம் சுற்றில் கிடைத்த இடத்தில் சேராவிட்டால் அது திரும்பி வராது என்பது விதி. அதுவும் போனது. இதைவிடப் பெரிய இழப்பு பிறகு வந்தது. அப்போது தமிழ்நாட்டுக் கலந்தாய்வு சென்னையில் நேரில் நடந்துகொண்டிருந்தது. எங்கள் தரவரிசை எண்ணுக்கு அழைப்பு வந்த நாளில் அசல் சான்றிதழ்கள் எங்களிடம் இல்லை. அவை ஆகஸ்ட் கடைசியில் கூரியரில் வந்து சேர்ந்தன, அட்டை ஓரத்தில் தேநீர்க் கறையோடு. மகன் ஓராண்டு வீட்டில் இருந்து மறுபடி படித்து, 2019-இல் அரசுக் கல்லூரி ஒன்றில் சேர்ந்தான். ஐந்து லட்சம் போனதை நான் மறந்துவிடுவேன். அந்த ஓராண்டு அவன் என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லாமல் இருந்ததைத்தான் மறக்க முடியவில்லை.

ஆகவே, என்னிடம் வருபவர்களிடம் மூன்று விஷயங்களை மிரட்டலாகவே சொல்கிறேன். கல்லூரிக்குப் போகும் நாளில் அசல் சான்றிதழ்கள் வீட்டுப் பீரோவில் இருக்க வேண்டும். பார்வையிடப் போகிறவரிடம் அசலைக் கேட்கும் உரிமை எவருக்கும் இல்லை. பதிவில் கொடுக்கும் கைப்பேசி எண் பிள்ளையுடையதாகவோ பெற்றோருடையதாகவோ இருக்க வேண்டும். இணைய மையத்துக்காரரின் எண்ணைக்கூடக் கொடுக்கக் கூடாது. ஒதுக்கீட்டு ஆணை கைக்கு வருமுன் கல்லூரி வளாகத்துக்குள் ஒரு ரூபாய்கூடக் கைமாறக் கூடாது. நன்கொடை என்ற பெயரில் கல்லூரிகள் பணம் வாங்குவதைத் தமிழ்நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. முகவர்களை நம்ப வேண்டாம் என்று மருத்துவக் கலந்தாய்வுக் குழுவும் அறிவிப்பு வெளியிடுகிறது. இவ்வளவுக்குப் பிறகும் சென்ற ஆண்டு எங்கள் தெருவில் ஒருவர், "நம்மாளு அப்படிப்பட்டவர் இல்லை சார்" என்றார். என்னுடைய ஆளும் அப்படிப்பட்டவராகத் தோன்றவில்லை.

சட்டமன்ற உறுப்பினரின் பரிந்துரைக் கடிதம்

கணினிக்குக் கடிதம் படிக்கத் தெரியாது.

கட்டடத்தைப் பார்த்துவிட்டு வருவது

நேரில் போவதில் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது, பெரும்பாலோர் கோட்டைவிடுவதும் இங்கேதான். நூலகத்தின் கண்ணாடிச் சுவர், குளிரூட்டிய விரிவுரை அரங்கு, வாசல் நீரூற்று ஆகியவற்றைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். எம்.பி.பி.எஸ். மாணவன் முதலாண்டில் பாடத்தைப் புத்தகத்திலும் உடற்கூறியல் கூடத்திலும் கற்கலாம். அதன் பிறகு அவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவர்கள் நோயாளிகள். நோயாளி வராத மருத்துவமனையில் நீரூற்று இருந்து என்ன பயன்?

மகன் படித்துக்கொண்டிருந்தபோது எனக்குச் சொன்னதை அப்படியே தருகிறேன்: "அப்பா, காலேஜ் பக்கம் போகவே போகாதீங்க. காலையில் ஒன்பது மணிக்கு ஓ.பி. சீட்டு கொடுக்கிற இடத்தில் போய் நில்லுங்க." அந்த வரிசையின் நீளம் எந்தக் கையேட்டிலும் இல்லாத தகவல். பிறகு அவசரப் பிரிவையும் பிரசவ வார்டின் வெளித் தாழ்வாரத்தையும் பாருங்கள். தாழ்வாரத்தில் உறவினர்கள் பாய் விரித்துப் படுத்திருந்தால், பிள்ளை அங்கே பிரசவம் பார்க்கக் கற்றுக்கொள்வான் என்று பொருள்.

தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டு விதிகளின்படி 150 மாணவர்களைச் சேர்க்கும் கல்லூரிக்கு 605 படுக்கைகள் வேண்டும். படுக்கை இருக்கிறதா என்பதைவிட, அதில் படுத்திருப்பது யார் என்பது முக்கியம். ஒரு மாணவியின் தந்தையோடு நான் போன கல்லூரி ஒன்றில், பொது மருத்துவ வார்டு நிறைந்து கிடந்தது. எனக்கோ ஏதோ உறுத்தியது. இத்தனை பேர் படுத்திருந்தும் ஒருவர் கையிலும் ஊசி செருகிய பட்டை இல்லை, ஒரு கட்டிலருகிலும் சாப்பாட்டுத் தூக்கு இல்லை, துணைக்கு ஆள் இல்லை. ஓரக் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம், "உடம்புக்கு என்ன பாட்டி?" என்று கேட்டேன். "ஒண்ணும் இல்லப்பா, சாயங்காலம் வண்டி வந்துரும்" என்றார். அன்று அந்தக் கல்லூரியில் ஆய்வு. ஆய்வுக்கு நோயாளிகளையும் பேராசிரியர்களையும் வாடகைக்குக் கொண்டுவருவதாகச் சொல்லப்படும் குற்றச்சாட்டுகளின் மேல், 2025-இல் மத்தியப் புலனாய்வுத் துறை பல மாநிலக் கல்லூரிகளைச் சேர்த்து வழக்குப் பதிந்த செய்தியைப் படித்தபோது, எனக்கு அந்தப் பாட்டியின் வெற்றிலைப் பைதான் நினைவுக்கு வந்தது.

பேசுவதற்குச் சரியான ஆள், வாசலுக்கு வெளியே தேநீர்க் கடையில் நிற்கும் ஹவுஸ் சர்ஜன், அதாவது படிப்பை முடித்துப் பயிற்சியில் இருக்கும் மருத்துவர். நிர்வாகம் கூட அனுப்பும் வழிகாட்டி அந்த வேலைக்கு உதவமாட்டார். "உதவித்தொகை மாதாமாதம் கைக்கு வருகிறதா? நீங்களே ஊசி போட்டு, தையல் போட்டுப் பழகினீர்களா? வராத வகுப்புக்கு அபராதம் உண்டா?" என்ற மூன்று கேள்விகள் போதும். பதில் சொல்லுமுன் அவர் பின்னால் திரும்பிப் பார்த்தாரானால், அதுவும் ஒரு பதில்.

ஞாயிற்றுக்கிழமை போவது

பூட்டிய கதவைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

கட்டணத்தை வாய்மொழியாகக் கேட்டுத் திருப்தி அடைவது

கல்விக் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்து, பிறகு விடுதி, உணவு, சீருடை, பேருந்து, 'இதர' என்று வரும் தொகையைப் பார்த்து மலைத்தவர்கள் ஏராளம். தமிழ்நாட்டுச் சுயநிதிக் கல்லூரிகளின் கட்டணத்தை ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையிலான குழு நிர்ணயிக்கிறது. அது தேர்வுக் குழு வெளியிடும் தகவல் தொகுப்பேட்டில் இருக்கும். அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, அதற்கு மேல் என்னென்ன என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுக்கும் தொகை பெரும்பாலும் கேட்கக் கூடாத தொகையாகவே இருக்கும்.

அரசுப் பள்ளியில் படித்து 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் வருபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2020-இல் வந்த அந்த ஒதுக்கீட்டில் சேர்பவருக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. தீப்பெட்டி ஒட்டும் ஒரு தாய், மகளுக்கு இடம் கிடைக்கலாம் என்ற நிலையில் ஒரு சுயநிதிக் கல்லூரியைப் பார்க்கப் போனபோது, முகப்பில் இருந்தவர் "முதல்ல ஒரு லட்சத்து இருபதாயிரம் ரெடி பண்ணிட்டு வாங்கம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த அம்மா அந்தக் கல்லூரியையே பட்டியலிலிருந்து நீக்கச் சொன்னார். தொகுப்பேட்டின் பக்கத்தை எடுத்துக் காட்டி நீக்காமல் வைத்தோம். மகள் இப்போது மூன்றாம் ஆண்டு படிக்கிறாள்.

பிள்ளையைக் காரிலேயே உட்காரவைப்பது

ஐந்தரை ஆண்டு அங்கே இருக்கப்போவது நீங்கள் அல்ல.

பார்த்ததைப் பட்டியலில் கொண்டுவராமல் விடுவது

இவ்வளவு அலைந்து பார்த்துவிட்டு வந்தபின், "நமக்கு இதெல்லாம் கிடைக்காது" என்ற பயத்தில் பிடித்த கல்லூரியைக் கீழேயும் கிடைக்கும் என்று தோன்றுவதை மேலேயும் எழுதுகிறவர்கள் உண்டு. முன்பு சொன்னபடி, கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து பார்க்கிறது. எட்டாத கல்லூரியை முதலில் எழுதியதற்காக அடுத்ததில் உங்கள் உரிமை குறைந்துவிடுவதில்லை. ஆகவே ஆசைப்படும் வரிசையிலேயே எழுதலாம். இரண்டாம் சுற்றுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை உண்டு: மேம்பாட்டுக்கு, அதாவது இன்னும் நல்ல இடத்துக்கு மாற, விருப்பம் கொடுத்து, பட்டியலில் உள்ள வேறொரு கல்லூரி ஒதுக்கப்பட்டால், முதல் சுற்றில் கிடைத்த இடம் தானாக ரத்தாகிவிடும். அதனால் கையில் இருப்பதைவிட நிச்சயமாக மேலானது என்று நீங்கள் நம்பும் கல்லூரிகளை மட்டுமே அப்போது எழுத வேண்டும்.

சென்ற ஆண்டு ஒரு மாணவன் முதல் சுற்றில் கிடைத்த அரசுக் கல்லூரியைவிட வீட்டுக்கு அருகில் இருக்கிறது என்பதற்காக, புதிய கல்லூரி ஒன்றை இரண்டாம் சுற்றுப் பட்டியலில் முதலில் எழுதியிருந்தான். பூட்டுவதற்கு ஒரு நாள் இருந்தது. பழக்கூடை இல்லாமல், அசல் சான்றிதழ் இல்லாமல், பேருந்தில் போய்க் காலை ஒன்பது மணிக்கு அதன் ஓ.பி. வரிசையில் நின்றுவிட்டு, தேநீர்க் கடையில் இரண்டு பேரிடம் பேசிவிட்டுத் திரும்பினான். இரவு எட்டு மணிக்கு என் வீட்டுக்கு வந்து, மடிக்கணினியில் அந்த ஒரு வரியை அவனே அழித்தான். ஒருமுறைக் குறியீடு அவன் அம்மாவின் கைப்பேசிக்கு வந்தது.